பந்தல் விழுந்தபோது நான் எடுத்த வாழைக்குலை

1. முதல் டேக்

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், ஆற்றங்கரைத் தென்னந்தோப்பு ஒன்றில் பொய்க் கல்யாணப் பந்தல் போட்டிருந்தோம். வசனமே இல்லாத பத்து நிமிஷச் சிரிப்புக் குறும்படம். கதையும் பெரிதாக ஒன்றுமில்லை. சீரியல் பல்பு கட்ட வந்தவன் ஏணியில் ஏறுவான். ஏணி வழுக்கும். தோரணக் கயிற்றைப் பிடித்துத் தொங்குவான். கயிற்றோடு பந்தலும் சரிய, பாயச அண்டாவுக்குள் போய் உட்கார்ந்துவிடுவான். அண்டாவில் மாவுத் தண்ணீர், அடியில் பழைய மெத்தை.

டைரக்டர் பாத்திமா, பேட்டைக்காரப் பெண். விழுகிறவர் உவரி சூசை. ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போடுவது அவர் தொழில், கோயில் திருவிழா நாடகத்தில் கோமாளி வேஷம். வயது ஐம்பது. கேமரா நான். முப்பது வருஷமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறவன் என்பதால் கொஞ்சம் மிதப்பாகத்தான் போனேன்.

பந்தலை இரண்டே தடவைதான் சரிக்க முடியும். மறுபடி கட்ட இரண்டு மணி நேரம் ஆகும். நாலு மணிக்கெல்லாம் பந்தல்காரர் மூங்கிலையும் துணியையும் வள்ளியூரில் ஒரு நிஜக் கல்யாணத்துக்கு ஏற்றியாக வேண்டும்.

ஆக்‌ஷன் என்றாள் பாத்திமா. சூசை ஏறினார், வழுக்கினார், தொங்கினார். பந்தல் சடசடவென்று வந்தது. அண்டாவில் தொப்பென்று சத்தம். வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எல்லோரும் மானிட்டருக்கு ஓடினோம்.

மானிட்டரில், சூசை தொங்குகிற வரைக்கும் இருந்தார். அதன்பின் கேமரா மெதுவாக, மிகவும் அழகாக இடப்பக்கம் திரும்பி, வாசலில் கட்டியிருந்த வாழைக்குலையில் போய் நின்றது. கொஞ்சம் ஜூம் வேறு. எங்கோ தொப்பென்று சத்தம் மட்டும் கேட்டது.

பாத்திமா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"குலை நல்லா வந்திருக்கு அண்ணாச்சி. சூசை அண்ணன் எங்க?" என்றாள்.

2. கை பழகிய பழக்கம்

சத்தியமாக நான் வேண்டுமென்று செய்யவில்லை. கல்யாண வீடியோக்காரனுக்கு முதலில் பழக வேண்டிய வித்தையே அதுதான். மாப்பிள்ளையின் சித்தப்பா பந்தியில் வழுக்கி விழுந்தாலோ, சம்பந்திகள் சீர்வரிசைத் தட்டை நடுவில் வைத்து முறைத்துக்கொண்டாலோ, கேமராவைப் பைய நாதஸ்வரத்துக்கோ பூவுக்கோ திருப்பிவிட வேண்டும். ஒருவர் பட்ட வெட்கம் பத்து வீட்டு டிவியில் ஓடக் கூடாது. இது தெரிந்தவன் என்பதால்தான் ஒரே குடும்பத்தில் அக்கா, தங்கை, அக்கா மகள் என்று மூன்று கல்யாணத்துக்கும் என்னையே கூப்பிட்டார்கள். கண் பார்க்கும் முன்னே கை திருப்பிவிடும். அந்தக் கை பாத்திமாவின் சிரிப்புப் படத்தையும் மானம் போகாமல் காப்பாற்றிவிட்டது.

3. இரண்டாவது டேக்

பந்தலைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சூசை தென்னை மூட்டில் உட்கார்ந்து முழங்கையில் ஐஸ் ஒற்றிக்கொண்டிருந்தார். நன்றாக வீங்கியிருந்தது. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் பூட்டி வைத்தும் எடுக்க முடியாது. ஏணி உச்சியிலிருந்து அண்டா வரை அவரோடு கூடவே இறங்க வேண்டும். வேறு யாரையாவது நிற்கச் சொல்லும்மா என்று பாத்திமாவிடம் சொன்னேன். அவள் வாயைத் திறக்கும் முன் சூசை பேசினார்.

"ஒரு மாசமா கடக்கர மணல்ல விழுந்து விழுந்து பழகிட்டு வந்திருக்கேன் அண்ணாச்சி. விழுகது என் வேல. அத நீங்க மறைச்சீயன்னா, அதுதான் எனக்கு அவமானம்."

ஒரு மாதம் பாடுபட்டுச் செய்து கொண்டுவந்த வேலையை நான் அசிங்கம் என்று நினைத்து ஒதுக்கியிருக்கிறேன். அதை நினைக்க உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

மூன்றரை மணிக்கு இரண்டாவது டேக். பந்தல் சரிந்ததும் கை வழக்கம்போல இடப்பக்கம் இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சூசையோடு இறங்கினேன். தொப். அவர் அண்டாவுக்குள் உட்கார்ந்தார். தலைமேல் தோரணம். பாத்திமா கட் சொல்லவில்லை, நானும் திருப்பவில்லை. சூசை, யாராவது பார்த்துவிட்டார்களா என்று மெல்ல இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு பாயசத்தை விரலில் தொட்டு நக்கி, இனிப்புப் பத்தாது என்று முகத்தைச் சுளித்தார். அது எழுதிவைத்த காட்சியே இல்லை. நான் சிரித்த சிரிப்பில் ஃபிரேம் ஆடியது. பாத்திமா அந்த ஆட்டத்தோடேயே படத்தில் வைத்துவிட்டாள்.

இப்போது கேமரா பிடிக்க வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். விழுந்தவரை மறைப்பது நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள். ஆனால் சிலர் நமக்காகத்தான் விழுகிறார்கள். அவர்களை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.

உவரியில் படத்தைப் போட்டபோது சூசை என் பக்கத்தில் இருந்தார். அண்டா காட்சி வந்தது. ஊரே சிரித்தது. அவர் மட்டும் திரையைப் பார்க்கவில்லை. நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து, சிரிக்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.