கார்த்திகைக் கடலும் என் பாஸ்போர்ட்டும்

“சலங்குக்காரன் பொண்ணு கப்பலாண்ட வரைக்கும் போவலாம். கப்பல் மேல ஏறிக் குந்துவாளா?”

நான் முதன்முதலாகப் பாஸ்போர்ட் வாங்கி வந்த அன்று, வைத்திக்குப்பத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அத்தை என் அம்மாவிடம் இப்படிக் கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. புதுச்சேரியில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கடற்கரைப் பாலத்திலிருந்து ஆட்களையும் மூட்டைகளையும் சலங்கு என்ற பெரிய படகில் ஏற்றிக்கொண்டு போய்க் கப்பலில் சேர்ப்பது என் அப்பாவின் வேலை. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருக்குக் கப்பல் ஏணியைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார். ஒருநாளும் அதில் கால் வைத்ததில்லை.

நான் வைத்தேன்! எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். கன்னியாஸ்திரீகளிடம் படித்து, பிறகு ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் படிப்பையும் முடித்துச் சான்றிதழ் வாங்கினேன். புதுச்சேரிக்காரர்கள் பலர் சைகோனில் சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கிறார்கள். அவர்கள் மனைவிமார் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாக வேண்டும். வயிற்றுப் பிள்ளையோடு அவ்வளவு தூரம் கடலில் தனியாக வர முடியுமா? அதற்குத்தான் அந்தக் குடும்பத்தார் என்னை அனுப்பினார்கள். போகும்போது ஒரு புதுப்பெண்ணைக் கொண்டுபோய்ப் புருஷனிடம் விடுவேன். வரும்போது ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டி வருவேன். இரண்டு வருஷத்துக்குள் மூன்று முறை போய் வந்துவிட்டேன்.

நான் சொல்ல வந்தது நான்காவது பயணத்தைப் பற்றி. 1936-ஆம் வருஷம், ஐப்பசி மாதம்.

பாஸ்போர்ட்டுக்கு ஆயுள் இரண்டு வருஷம். என்னுடையது கார்த்திகை நடுவில் முடிவதாக இருந்தது. பயணத்துக்கு வேண்டிய காகிதங்களை வாங்கப் போனபோது, ஆபீசில் இருந்த குமாஸ்தா என் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பிரெஞ்சு மரியாதையோடு ஆரம்பித்தார்.

“மத்மசேல், நாள் ரொம்பக் கிட்ட இருக்கே. இப்பவே புதுசுக்கு எழுதிக் குடுத்துட்டுப் போங்களேன். கப்பலுக்கு இன்னும் மூணு வாரம் இருக்குது, பத்து நாள்ல வந்துடும்.”

நான் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். போக இத்தனை நாள், சைகோனில் இத்தனை நாள், திரும்ப இத்தனை நாள் என்று அழகாக எழுதிக் கூட்டியிருந்தேன். பாஸ்போர்ட் முடிவதற்கு ஆறு நாள் முன்னதாகவே புதுச்சேரியில் இறங்கிவிடுவேன். சைகோனும் பிரெஞ்சு மண், புதுச்சேரியும் பிரெஞ்சு மண். வழியில் சிங்கப்பூரில் நான் இறங்கப் போவதில்லை. அப்புறம் என்ன?

“கணக்கு சரியாத்தான் இருக்குது” என்று தலையைச் சொறிந்துகொண்டு முத்திரை குத்திக் கொடுத்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கணக்கு ஒரு சாக்குதான். புதுப் பாஸ்போர்ட் கொடுக்கும்போது பழையதை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதில் மூன்று பயணத்து முத்திரைகளும் இருந்தன. ஊதா, சிவப்பு, கறுப்பு என்று ஒவ்வொரு பக்கமும் எனக்குப் பரிசு கொடுத்ததுபோல் இருக்கும். குப்பத்துப் பெண்கள் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்ப்பார்கள். அதைக் கொடுக்க எனக்கு மனமில்லை. நான்காவது முத்திரையையும் வாங்கிக்கொண்டு, வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

சைகோனிலிருந்து திரும்பும்போது என்னோடு வந்தவளுக்குப் பத்தொன்பது வயது. வில்லியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். எட்டாம் மாதம். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவள் புருஷன் கெட்டிக்காரன். அவளுடைய பாஸ்போர்ட்டைப் புறப்படும் முன்பே புதுப்பித்து, மெழுகுத் துணியில் சுற்றிக் கொடுத்திருந்தான். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு மணிக்கு ஒருதரம் தடவிப் பார்ப்பாள்.

“அது எங்கடி ஓடிப்போவுது? கடல்ல குதிச்சு நீந்துமா?” என்று கேலி செய்வேன்.

“இருக்கட்டும்க்கா. எனக்குப் படிக்கத் தெரியாது. தொட்டுப் பாத்தாத்தான் தைரியம்” என்பாள்.

சிங்கப்பூரில் மழையும் காற்றுமாக இரண்டு நாள் தாமதமானது. போகட்டும், இன்னும் நான்கு நாள் கையில் இருக்கிறதே என்றேன். வங்கக் கடலில் அலை ஆளுயரம் எழுந்தது. கப்பல் மெதுவாகப் போயிற்று. இன்னும் மூன்று நாள் போனது. ஒரு விடியற்காலையில், மழைத்திரைக்கு அப்பால் எங்கள் ஊர்க் கலங்கரை விளக்கம் தெரிந்தது. அவளை எழுப்பிக் கூட்டிவந்து காட்டினேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. தாமதமானாலும் ஒருநாள் மிச்சம் வைத்து வந்துவிட்டேன்!

கப்பல் ஊதியது. ஒரு சலங்கும் வரவில்லை.

மறுபடி ஊதியது. பாலத்தின் மேல் வெள்ளை வெள்ளையாக அலை ஏறி விழுவது தெரிந்தது. படகு இறக்கக் கூடாது என்று கொடிமரத்தில் சிவப்புக் கொடி பறந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வருஷா வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் அப்பா வேலையில்லாமல் வலையைப் பிரித்துப் பிரித்துக் கட்டிக்கொண்டு வீட்டில் இருப்பார். எங்கள் அடுப்பு ஒருவேளைதான் எரியும். அந்தக் கடலின் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவள், தாளில் கூட்டல் போட்டபோது அதை மட்டும் சேர்க்கவில்லை.

சாயங்காலம் வரை நின்று பார்த்துவிட்டு, கப்பல் மதராசுக்குத் திரும்பியது. கடல் அடங்காததால் அங்கே துறைமுகத்துக்குள் நுழைய இன்னும் ஒரு நாள் ஆயிற்று. மதராஸ் இங்கிலீஷ் எல்லை. நான் அங்கே கால் வைத்தபோது என் பாஸ்போர்ட் செத்து ஒருநாள் ஆகியிருந்தது.

மேசைக்குப் பின்னால் இருந்த தமிழ் அதிகாரி அவளுடைய புத்தகத்தில் முத்திரை குத்தினார். என்னுடையதைத் திருப்பிப் பார்த்துவிட்டு மூடினார்.

“இவங்க போகலாம். நீங்க கப்பலுக்கே திரும்பிடுங்கம்மா.”

கப்பல் அடுத்து கல்கத்தா போகும். அது திரும்பி வந்து, கடலும் மனம் வைத்தால், புதுச்சேரியில் நான் இறங்க மூன்று வாரம் ஆகும். அதுவரை இவள்? ரயிலைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. மதராசில் இவளுக்கு ஒரு ஆளும் தெரியாது. முந்தின நாளிலிருந்து இடுப்பு வலிக்கிறது என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தாள். பிரெஞ்சில் ஆரம்பித்து, தெரிந்த இங்கிலீஷில் தடுமாறி, கடைசியில் தமிழுக்கு வந்து சேர்ந்தேன்.

“கடல் கொந்தளிச்சா நான் என்ன சார் பண்ணுவேன்?”

“கடலாண்ட நான் பாஸ்போர்ட் கேக்கலம்மா. உங்களத்தான் கேக்கறேன்.”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். என் படிப்பும் சான்றிதழும் ஒரு வார்த்தைக்கும் உதவவில்லை. அப்போது அவள், பத்து நாளாக என்னிடம்கூட முணுமுணுத்தே பேசியவள், தன் டிரங்குப் பெட்டியை இழுத்து வழியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

“அக்கா வரலன்னா நானும் வரல.”

“உங்க பேப்பர் எல்லாம் சரியா இருக்கும்மா. நீங்க தாராளமா போலாம்” என்றார் அதிகாரி.

“பேப்பரு சரியாத்தான் இருக்குது. வயிறுதான் சரியா இல்ல. ரயில்ல வலி எடுத்தா நீங்க வந்து பாப்பீங்களா?”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். வரிசையில் இப்போது சிரிப்பு வேறு பக்கம் திரும்பியிருந்தது.

“நான் கப்பல்லயே கெடக்கறேன். அந்த வெள்ளக்காரரு நிக்கிறாரே, அவராண்ட சொல்லுக்கா, வெந்நி போட்டு வெக்கச் சொல்லி.”

பக்கத்தில் நின்ற கப்பல் அதிகாரி, என்ன சொல்கிறாள் என்று என்னைக் கேட்டார். ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். அவர் முகம் வெளுத்துப் போனதை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. கப்பலில் வைத்தியர் இல்லை. அவர் உடனே மேசைக்குப் போய், தொப்பியைக் கழற்றிக்கொண்டு, எனக்காகக் கெஞ்ச ஆரம்பித்துவிட்டார்.

தமிழ் அதிகாரி எழுந்து உள்ளே போனார். ஒரு மணி நேரம் ஆனது. அவள் பெட்டியை விட்டு அசையவில்லை. இடுப்பு வலி மட்டும் நிற்கவில்லை; நான் அவள் முதுகை நீவிக்கொண்டே நின்றேன். வரும்போது அவர் கையில் ஒரு தாள் இருந்தது. நேராக ரயிலேறிப் புதுச்சேரி போய்விட வேண்டும், இரண்டு நாளைக்குமேல் இங்கிலீஷ் எல்லையில் இருக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. காகிதம் சரியாக உள்ள ஒருவர் எனக்காகப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

“யார் போடறது?” என்றார்.

“எனக்குக் கையெழுத்து வராது. ரேகை வெச்சா ஒத்துக்குவீங்களா?” என்றாள் அவள்.

மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். கட்டைவிரலை முந்தானையில் நன்றாகத் துடைத்து, மையில் ஒற்றி, என் பெயருக்குக் கீழே அழுத்தி வைத்தாள். அழுத்தம் போதாதோ என்று சந்தேகம் வந்து, பக்கத்தில் இன்னொன்றும் வைத்தாள். ஊருக்குள் எத்தனையோ பேருக்கு மனு எழுதிக் கொடுத்து, ரேகை வைக்கும் இடத்தைக் காட்டி, “இங்க வையுங்க” என்று அதிகாரமாகச் சொன்னவள் நான். அன்று அந்த இரண்டு கறுப்பு வட்டங்களையும் பார்த்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

எழும்பூரில் ரயிலேறினோம். வண்டி நகர்ந்ததும் அவளுக்கு வந்த குதூகலத்தைப் பார்க்க வேண்டும்! “அக்கா, மரமெல்லாம் ஓடுதுக்கா!” என்று கத்தினாள். இடுப்பு வலி எங்கே போயிற்றோ தெரியவில்லை. விழுப்புரத்தில் மாறும்போது ஆளுக்கு நான்கு இட்லி சாப்பிட்டோம். புதுச்சேரி ஸ்டேஷனில் மழையில் நனைந்துகொண்டு அப்பா நின்றிருந்தார். கப்பல் திரும்பிப் போனதிலிருந்து வருகிற வண்டியெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாராம். அவளுடைய பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

சரியாக மூன்றாம் வாரத்தில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. என் கையில்தான் விழுந்தது. நான் கப்பலோடு போயிருந்தால் அந்த நேரத்துக்கு வந்திருப்பேனோ மாட்டேனோ.

அதன்பிறகும் பயணம் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். எப்போது புதுப்பிக்கலாம் என்று யாராவது கேட்டால், என் பழக்கத்தைச் சொல்வேன்: திரும்பி வருவதாக நினைக்கும் நாளை விட்டுவிட்டு, நினைக்காத துறைமுகத்தில் இறங்கும் நாளுக்குப் பாஸ்போர்ட் உயிரோடு இருக்குமா என்று பாருங்கள். நமக்குத் தெரிந்ததையெல்லாம் கூட்டிப் போட்ட பிறகும், இன்னொருவர் தயவுக்கு அதில் இடம் வேண்டியிருக்கிறது என்பதை அந்த மேசைக்கு முன்னால் நின்றுதான் கற்றுக்கொண்டேன்.

இந்த ஆனியில் ஒரு குடும்பத்தோடு பிரான்சுக்கே புறப்படுகிறேன். திரும்ப எத்தனை மாதம் ஆகுமோ தெரியாது. இப்போதைய பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஏழு மாதம் ஆயுள் இருக்கிறது. நேற்றுக் காலை அதைக் கொடுத்துவிட்டுப் புதியதற்கு எழுதிக் கொடுத்தேன். வரும் வழியிலேயே தையற்காரரிடம் நின்று கம்பளிச் சட்டைக்கு அளவும் கொடுத்துவிட்டேன்.