மருந்து குடிச்ச சேதி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று ஆஸ்பத்திரி கிளினிக்கில் அத்தனை பேர் முன்னால் வந்தது. எல்லோருக்கும் ஒரு மாதத்துக்கு மருந்து எழுதிக் கொடுத்த டாக்டரம்மா, என் தங்கைக்கு மட்டும் ஒரு வாரத்துக்கு எழுதினார்.

"ஏன் டாக்டர், எங்களப் பார்த்தா வேலவெட்டி இல்லாதவங்க மாதிரி தெரியுதா? வாராவாரம் வந்து நிக்க எங்க முதலாளி லீவு குடுப்பாரா?"

நான் ஹட்டன் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். தங்கை மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் மாமியாரோடு இருக்கிறாள். அவள் புருஷனுக்குக் கொழும்பில் வேலை. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பி வந்ததிலிருந்து அவள் சரியில்லை. சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை, கூப்பிட்டால் பதில் இல்லை. ஒருநாள் உயிரை விடப் பார்த்தாள். லயத்துச் சனம் கண்டு தூக்கிக்கொண்டு ஓடியதால் பிழைத்தாள். அதற்குப் பிறகுதான் இந்தக் கிளினிக்.

டாக்டரம்மா சிங்களவர். தமிழை யோசித்து யோசித்துப் பேசுவார். என் கத்தலுக்கு அவர் அசரவில்லை.

"வீட்டுல பூட்டி வைக்க பெட்டி இருக்கா?"

ஒரே அறையான லயத்துக் காம்பராவில் எதைப் பூட்டுவது? இல்லை என்றேன்.

"இது நல்ல மருந்து. அளவுக்குக் கூடினா இதே மருந்து ஆளக் கொல்லும். ஒரு மாசத்து மருந்து தங்கச்சி பக்கத்துல இருந்தா எனக்கு நித்திரை வராது. அக்காவுக்கு வருமா?"

சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தேன். நான் லேசில் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை.

அப்படித்தான் என் அலைச்சல் ஆரம்பித்தது. வாராவாரம் மருந்தை வாங்கி, மஸ்கெலியா பஸ்ஸில் ஏறி, லயத்துக்கு நடந்து, மாமியார் கையில் கொடுப்பேன். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை அதை இடுப்புச் சுருக்குப் பையில் வெற்றிலையோடு முடிந்துகொண்டு, ராத்திரியில் அன்றைக்கு உண்டானதை மட்டும் எடுத்துக் கொடுப்பார். படுக்கும்போதும் பையை அவிழ்க்கக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். "தொரை மாதிரில்ல ஆர்டர் போடுற!" என்று அத்தை முணுமுணுப்பார். ஆனால் அவிழ்த்ததில்லை. தங்கைதான் படுத்தினாள். பாதி நாள் மருந்து வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மிச்சம் விழுவதை டாக்டர் சொன்னபடி திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

தீபாவளி நெருங்கி, கடையில் நிற்க இடம் இல்லாத ஒரு பகல். ஒருத்திக்குச் சேலையை என் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அத்தை.

"மகளே, ஒந் தங்கச்சி மருந்து பூராத்தையும் குடிச்சிட்டா!"

அவ்வளவுதான். மலையில் சிக்னல் எப்போது இருந்தது? அறுந்துவிட்டது. திரும்ப அடித்தால் போகவில்லை.

எங்கள் தோட்டங்களில் மருந்து என்றால் ஆஸ்பத்திரியில் தருவதும் மருந்துதான், புல்லுக்கு அடிக்கும் நஞ்சும் மருந்துதான். 'மருந்து குடிச்சிட்டா' என்று காதில் விழுந்தால் எந்த மருந்து என்று யாரும் விசாரிப்பதில்லை. ஓடுவார்கள். நான் ஆம்புலன்சுக்குப் போன் போட்டு இடத்தைச் சொன்னேன். முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஆட்டோவில் ஏறினேன். வழி நெடுக மாதாவைக் கூப்பிட்டேன். மாதாவைக் கூப்பிடாத நேரமெல்லாம் அத்தையைத் திட்டினேன். பையை அவிழ்த்துப் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறாள் கிழவி, அவளைச் சும்மா விடமாட்டேன். என் தங்கையை நினைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எனக்கு முன்னாலேயே ஆம்புலன்ஸ் வந்து நின்றது. லயமே வாசலில் திரண்டிருந்தது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

தங்கை அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் மாவு. ஆம்புலன்ஸ் தம்பி சிங்களத்தில் ஏதோ கேட்க, அவள் விழித்துக்கொண்டிருந்தாள். அத்தை மூலையில் நின்று அழுதார்.

"நா என்னம்மா தப்பாச் சொன்னேன்? இந்த வாரம் ஒரு நாளு விடாம குடிச்சிட்டாளே, மிச்சமே இல்லயேன்னு சந்தோசத்துல சொன்னேன். அது ஒரு குத்தமா?"

"அட கடவுளே! அதுக்குக் குடிச்சிட்டான்னா சொல்வீங்க? மாத்திரை போட்டான்னு சொன்னா வாயா தேஞ்சுரும்?"

கத்திக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது, அவளுக்கு இல்லை, எனக்கு. ஆம்புலன்ஸ் தம்பி அவளுடைய நாடியையும் பிரஷரையும் பார்த்துவிட்டு, கூப்பிட்டது பிழை இல்லை, சந்தேகம் வந்தால் கூப்பிடத்தான் வேண்டும் என்று சொல்லி ரொட்டி தின்றுவிட்டுப் போனார்.

தங்கை என்னையே பார்த்தாள்.

"அக்கா, ஒந் தோள்ல வெலச்சீட்டோட தொங்குதே, அது யாரு சேல?"

கடைச் சேலை! நான் விழித்த விழியைப் பார்த்து அவள் சிரித்தாள். குவைத்திலிருந்து வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன். முதலாளியிடம் வாங்கப்போகும் திட்டெல்லாம் எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

அடுத்த கிளினிக்கில் இந்தக் கூத்தை டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவரும் சிரித்தார். பிறகு தங்கையை நிதானமாக விசாரித்துவிட்டு, "இப்ப நல்லா இருக்கு. ரெண்டு வாரத்துக்கு எழுதவா?" என்று கேட்டார். சரி என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். எப்போதும் அவளுக்காக நான்தானே பேசுவேன்.

"வேணாம் டாக்டர்" என்றாள் தங்கை. "ஒரு வாரத்துக்கே குடுங்க. எனக்கு எம்மேல இன்னும் முழுசா நம்பிக்கை வரல."

டாக்டரம்மா மறுபேச்சில்லாமல் ஒரு வாரத்துக்கே எழுதினார். வெளியே வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன்.

"அடிப்பாவி! வாராவாரம் நாந்தானேடி அலையணும்?"

"கொஞ்ச நாளைக்கு அலையேன்க்கா" என்றாள். "நா இருக்கணும்ல?"