அகலமான பிரிட்ஜுக்கு அடியில்

சொந்தமாக ஒரு பேஸ் கிட்டார் வாங்கியது சென்ற ஆண்டுதான். கல்லூரி விடுதியில் இரவல் கிட்டாரில் பழகியிருந்தேன். விராலிமலைப் பக்கம் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் ஆண்டு விழாவில் வாசிப்பதாகச் சொல்லிவிட்டதால், கையில் ஒன்று வேண்டியிருந்தது.

குளத்தூருக்கு அந்தப் பக்கம், ஒரு சர்ச்சில் வாசிக்கும் மனிதரிடம் வாங்கினேன். வெளிர் மஞ்சள் உடல், நல்ல கழுத்து.

“ஞாயித்துக்கிழமை மட்டும் வாசிச்சதுங்க. சர்ச்ச விட்டு வெளிய போனதே இல்ல” என்றார். பிடிக்காவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பித் தரலாம். ஆனால் புதிதாக ஓட்டை எதுவும் போட்டிருக்கக் கூடாது.

அந்த நிபந்தனைதான் வீட்டுக்கு வந்ததும் உறுத்தியது. ஏனென்றால் மாற்ற வேண்டியிருந்தது பிரிட்ஜை, அதாவது கம்பிகள் உடலில் வந்து முடியும் இரும்புத் தகட்டை. மற்ற உலோகமெல்லாம் வெள்ளியாய் மின்ன, அது மட்டும் கறுப்பு. தேவைக்கு மேல் அகலம். ஐந்து கம்பி பேஸுக்கு உரியது அது. நான்கு கம்பி மாட்டி ஒரு பள்ளத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். அதனால் கம்பிகள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து, மெல்லிய கம்பி கழுத்தின் விளிம்பில் ஓடியது. அழுத்தினால் நழுவி வெளியே போனது.

போனில் கேட்டேன்.

“அது நல்லதுதானங்க. நாளைக்கு அஞ்சாவது கம்பி வேணும்னா போட்டுக்கலாம்ல?”

கழுத்தின் மேல்முனையில் நான்கு கம்பிக்குத்தான் பள்ளம் இருக்கிறது. வருடக்கணக்காக வாசிப்பவருக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தே சொல்கிறார் என்றால் தகட்டுக்கு அடியில் எதையோ மறைக்கிறார். உடலில் விரிசல் இருக்கலாம். இரண்டு உடைந்த கிட்டார்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கலாம். திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் அந்தப் பிரிட்ஜ் என்னை ஏமாற்றி விற்பதற்காக மாட்டியதுதான் என்று தோன்றியது.

அம்மா என்னையும் மிஞ்சினாள். “சர்ச்சுலயே இருந்த சாமான எதுக்குடி விக்கிறான்? ஒனக்குன்னு எங்கிட்டுப் போயி ஆளப் புடிக்கிற?”

ஆன்லைனில் வரவழைத்த நான்கு கம்பி பிரிட்ஜ் வியாழக்கிழமை வந்தது. அதை மாட்டப் புது ஓட்டைகள் போட வேண்டும். போட்டால் திருப்பித் தர முடியாது. எனவே முதலில் பழையதைக் கழற்றி மட்டும் பார்க்க முடிவு செய்தேன். கம்பிகளைத் தளர்த்தி, திருகுகளைக் கழற்றிய வரிசையிலேயே தட்டில் வைத்து, தகட்டைத் தூக்கினேன்.

விரிசல் இல்லை. நடுவில் ஒரு சின்ன பிரிட்ஜ் இருந்த தடம். அதன் ஓட்டைகளைத் தீக்குச்சி செருகி அடைத்திருந்தார்கள். தடத்துக்குச் சற்று மேலே, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த விரல் அகல மஞ்சள் கறைகள். நடுவில் குங்குமச் சிவப்பு. சோப்புத் துணியால் ஓரத்தைத் துடைத்ததும் கறை சிவந்தது. அரைத்த மஞ்சளேதான். ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு. ஒரு வருடத்துப் பொட்டும் அல்ல. சர்ச்சை விட்டு வெளியே போகாத கிட்டாருக்கு யார் பொட்டு வைத்தது?

“பொய் சொல்லியிருக்காரு. நாளைக்கே திருப்பிக் குடுத்துர்றேன்” என்றேன்.

அம்மா குனிந்து பார்த்தாள். “சாமி கும்புட்ட சாமானப் போயி திருப்பிக் குடுப்பியா?”

“நேத்து வரைக்கும் நீதான் திட்டுன.”

“நேத்து இது தெரியுமா எனக்கு?”

எல்லாவற்றையும் இருந்தபடியே மாட்டி, மறுநாள் மாலை கொண்டுபோனேன். சர்ச் வாசலில் ஸ்பீக்கர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். படத்தைப் பார்க்கும் முன் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். என்னைச் சுவரோரமாக அழைத்துப் போனார்.

“கழட்டிட்டீங்களா?”

“கழட்டுனேன். ஓட்டை போடல.”

“நான்தாங்க வாசிச்சேன். சனிக்கிழமை கோயில் திருவிழாவுல ஆர்கெஸ்ட்ரா, ஞாயித்துக்கிழமை காலைல இங்க. ஆர்கெஸ்ட்ராக்காரரு ஆயுத பூஜைக்கு எல்லாக் கருவிக்கும் பொட்டு வப்பாரு, வேணாம்னு சொல்ல முடியுமா? இங்க யாரும் பாத்துறக் கூடாதுன்னு பெரிய பிரிட்ஜா தேடி மாட்டுனேன். அஞ்சு கம்பியோடதுதான் கெடச்சுது.”

“இங்க யாருக்குமே தெரியாதா?”

“பாதிப்பேரு அங்க வந்து முன்வரிசையில ஒக்காந்து கேட்டவங்கதான். தெரிஞ்ச மாதிரி காட்டிக்க மாட்டாங்க.”

சிரிப்பு வந்தது. ஆனால் கேட்ட மாத்திரத்தில் வந்த பதில் அது. முன்பே தயாரித்து வைத்ததாகவும் இருக்கலாம். கிட்டாரை நீட்டி, “கொஞ்சம் வாசிங்க” என்றேன்.

ஸ்பீக்கரில் இணைக்காமலே வாசித்தார். அவருடைய இடது கையைத்தான் கவனித்தேன். மெல்லிய கம்பிக்கு வரும்போதெல்லாம் விரல் நேராக அழுத்தாமல், கம்பியைச் சற்று உள்ளே தள்ளிவிட்டு அழுத்தியது. ஒருமுறைகூட அது நழுவவில்லை. நான் ஒரு வாரமாக முயன்றும் எனக்கு அது வரவில்லை. விற்பதற்காக நேற்று மாட்டிய பிரிட்ஜில் விரல் இப்படிப் பழகாது. இந்தக் கோணல் பிரிட்ஜோடு அவர் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் வாசித்திருக்கிறார்.

“பழைய பிரிட்ஜ் இருக்கா?”

வீட்டிலிருந்து எடுத்து வந்தார். திருகுகளின் தலையில் மஞ்சள் காய்ந்து துருவோடு ஒட்டியிருந்தது. கறுப்புத் தகட்டைக் கழற்றி, தடத்தின் மேல் அதை வைத்துப் பார்த்தேன். ஓட்டைக்கு ஓட்டை பொருந்தியது. புதிதாக எதையும் துளைக்கத் தேவையில்லை. பொட்டு மட்டும் வெளியே தெரிந்தது.

“வச்சுக்கிறேன்” என்றேன்.

“யாரும் கேட்டா எம் பேரச் சொல்லாதீங்க” என்றார். “ஆன்லைன்ல வாங்குனதாச் சொல்லிருங்க.”

சரி என்றேன்.

ஆண்டு விழா ஒத்திகையில் டிரம்ஸ் வாசிக்கும் சக ஊழியர் முதலில் பார்த்தது அந்தக் கறையைத்தான். அவர் குளத்தூர்க்காரர்.

“இத எங்கயோ பாத்திருக்கேனே. யாருகிட்டங்க வாங்குனீங்க?”

“ஆன்லைன்ல.”

“ஆன்லைன்ல பொட்டெல்லாம் வச்சா அனுப்புறாங்க?”

சுருதி சேர்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். அவர் நம்பவில்லை என்பது நிமிராமலே தெரிந்தது.