கவிழ்த்தும் சிந்தாத தண்ணீர்

இருபத்தெட்டு வயதில், ஒரே ஒரு முறை அவளுக்கு அது கிடைத்தது. ஆய்வுக்கூடத்தில், சோதனைக் குழாய் ஒன்றில் புரதத் துணுக்குகளைத் தண்ணீரில் கரைத்து மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பி வந்து குழாயைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழவில்லை. யாரும் கோக்காமலே துணுக்குகள் தாமாகக் கைகோத்து, கண்ணுக்குத் தெரியாத இழைகளாகி, தண்ணீரையே பிடித்து நிறுத்தியிருந்தன. தீப்புண்ணை மூட அப்படியொரு கூழைத்தான் ஆய்வுக்கூடமே தேடிக்கொண்டிருந்தது.

மறுவாரம் அதே அளவு, அதே சூடு. வெறும் தண்ணீர். பதினேழு வருடமும் வெறும் தண்ணீர்தான்.

அழுக்குதான் கெடுக்கிறது என்று நினைத்து, தண்ணீரை மேலும் மேலும் காய்ச்சி வடித்தாள். வேறு ஆராய்ச்சிகளில் பேர் வந்தது, பதவி வந்தது. மனசு மட்டும் அந்தக் குழாயை விட்டு நகரவில்லை.

"முதல் காதலக்கூட இவ்வளவு நாள் யாரும் நெனைச்சுக்கிட்டு இருக்க மாட்டாங்க" என்று கணவர் கிண்டல் செய்வார். அவள் சிரிப்பாள். ஆனால் காலி தம்ளரைக்கூட அவள் கை தானாகக் கவிழ்த்துப் பார்க்கும்.

குழாய்கள் கழுவும் அக்கா ஓய்வு பெற்ற அன்று, இருவரும் டீ குடித்தபடி பழங்கதை பேசினார்கள்.

"நான் சேர்ந்த புதுசுல, தண்ணி வடிக்கிற மெஷின் ரெண்டு நாள் படுத்துக்கிச்சு. பயந்துபோய் யார்கிட்டயும் சொல்லல. பைப் தண்ணியப் பிடிச்சு கேன்ல நிரப்பி வச்சுட்டேன். அன்னைக்குத்தான் நீங்க ஏதோ கெடைச்சுதுன்னு குதிச்சீங்க."

அவள் டீயைக் கீழே வைத்துவிட்டாள்.

"தப்பு பண்ணிட்டேனா, டாக்டரம்மா?"

"நீங்க இல்லக்கா. நான்தான் பதினேழு வருஷமா வேண்டியதையே வடிகட்டிக் கொட்டியிருக்கேன்."

பைப் தண்ணீரில் கலந்திருந்த துளி சுண்ணாம்புச் சத்துதான் துணுக்குகளைச் சேர்த்துவைத்த தரகர். உடனே பைப் தண்ணீரைப் பிடித்து, அதில் துணுக்குகளைக் கலந்தாள். இருவரும் ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். அவள் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் அக்கா, "தண்ணி ஆடாம நின்னுடுச்சு போலிருக்கே?" என்றாள். அவள் குழாயைக் கவிழ்த்தாள். விழவில்லை.

அக்கா கைதட்டினாள். அவளுக்குக் கண் நிறைந்தது. ஆனாலும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதான் வந்துடுச்சே. இன்னும் என்ன?"

"அது சேர்ற நேரத்தப் பாக்கணும்க்கா. பாத்துக்கிட்டே இருந்தேன், தவறிப்போச்சு."

மூன்று வருடம் கழித்து அந்தக் கூழ் ஒரு தீக்காய வார்டுக்குச் சோதனைக்குப் போனது. அவளோ இன்றைக்கும் ஒரு குழாயைக் கலந்து வைத்து, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, தெளிந்த தண்ணீரை இமைக்காமல் பார்த்தபடி இருக்கிறாள்.