நட்சத்திரக் குறியிட்ட சொல்

யாரும் காதால் கேட்டிராத சொற்களுக்கு முன்னால் என்னிடமிருந்த மொழியியல் புத்தகத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் என்று உறவு மொழிகளின் சொற்களை வரிசைப்படுத்தி, எல்லாவற்றுக்கும் தாய்ச்சொல் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அறிஞர்கள் ஊகித்தவை அவை. பட்டியல்கள் எனக்குப் பிடிக்கும். நர்ஸ் படிப்பு முடித்த வருடம் அதை ஆசையாகப் படித்தேன். தமிழ் அந்தக் குடும்பம் இல்லை. ஆனால் அந்த வீட்டுச் சொற்கள் பல நம்மிடம் குடியிருக்கின்றன.

இயந்திர அறைத் தீயில் கால் வெந்த ஒரு மாலுமியை எங்கள் வார்டில் விட்டுவிட்டு, அவருடைய கப்பல் பினாங்கைவிட்டுப் போய்விட்டது. லித்துவேனியாக்காரர்; அவர் மொழியும் அந்தப் புத்தகத்துக் குடும்பம்தான். ஆங்கிலமும் தெரியாது, மலாயும் தெரியாது. கட்டு மாற்றும்போது காலைக் காட்டி, "உக்னிஸ், தூமாய்" என்றார். எனக்கு அக்கினி, தூமம் என்று கேட்டது: நெருப்பு, புகை.

"என்ன மிஸ்ஸி, வெள்ளைக்காரரு மந்திரம் சொல்றாரா? ஐயரைக் கூப்பிடுங்க லா!" என்று சிரித்தார், கூட இருந்து கட்டுப் போடும் டிரெசர் அண்ணன்.

பாதம் கறுத்தது. காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுக்காவிட்டால் உயிர் போய்விடும் என்றார் டாக்டர். ஆனால் நோயாளி சம்மதிக்க வேண்டும். கேட்க மொழி இல்லை.

காலைத் தொட்டுக் காட்டி, மரணத்துக்கு நட்சத்திரம் போட்டிருந்த சொல்லைச் சொன்னேன்: "ம்ருதிஸ்."

அவர் முகம் மாறியது. "மிர்திஸ்" என்று திருத்திவிட்டு, மெல்லத் தலையசைத்தார்.

"சம்மதிச்சிட்டாரு! டாக்டர்கிட்ட சொல்லிருங்க."

"இல்லண்ணே. வெட்டினா சாவுன்னு புரிஞ்சுக்கிட்டாரா, வெட்டாட்டி சாவுன்னு புரிஞ்சுக்கிட்டாரா?"

எனக்குக் கிடைத்தது ஒரு சொல்தான். அதை வாக்கியமாக்க எந்தப் புத்தகமும் உதவாது. காலை வெட்டுவதுபோல் கையால் காட்டி, "மிர்திஸ்" என்று சொல்லி, இல்லை என்று தலையாட்டினேன். பிறகு வெட்டாமல் விட்டதாகக் காட்டி, கண்களை மூடிக்கொண்டு மறுபடி "மிர்திஸ்" என்றேன்.

அவர் என் கையிலிருந்த கட்டுத்துணியை வாங்கி, வெட்ட வேண்டிய இடம் என்று தன் காலில் தானே கட்டினார். முழங்காலுக்குக் கீழே.

"ஜானு" என்றேன். முழங்காலுக்கான சமஸ்கிருதச் சொல்; கிரேக்கமும் லத்தீனும் அதோடு ஒத்துப்போகும். பட்டியலிலேயே நான் அதிகம் நம்பியது. அவருக்குப் புரியவில்லை. அவர் மொழி அதை எந்தக் காலத்திலோ தொலைத்துவிட்டிருந்தது.

அவருடைய முழங்கால்மேல் கையை வைத்து, அங்கிருந்து மேலே நகர்த்தி நிறுத்தினேன். என் கையையே பார்த்தார். பிறகு முடிச்சை அவிழ்த்து, நான் காட்டிய இடத்தில் இறுக்கிக் கட்டினார்.

டாக்டரைக் கூப்பிடப் போனேன்.