முதலில் பற்றரியைக் கழற்று

துறைமுகத்துக்குப் பக்கத்தில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவனுக்கு முதல் எதிரி உப்பு. படகில் நனைந்த போன், கடலில் குளிக்கப் போன போன், வெறும் காற்றிலேயே பச்சை பிடித்த போன் எல்லாம் என் மேசைக்கு வரும். வந்ததும் வராததுமாக நான் செய்கிற வேலை ஒன்றுதான், பற்றரியைக் கழற்றுவது. மின்சாரம் இருக்கும்வரை உப்பு உள்ளே தின்றுகொண்டே இருக்கும். கொண்டுவந்தவர் கதையைச் சொல்லி முடிக்குமுன் என் கை அதைச் செய்துவிடும். அந்தக் கையில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

என் சிநேகிதன் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டினான். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம். பழைய கைக் கேம் பெட்டிகளில் பாட்டுக் கட்டுவது. யாரோ வீட்டுப் பிள்ளைகள் விளையாடிக் கழித்துவிட்ட, சாம்பல் நிறப் பெட்டி. அதற்குள் நாலே நாலு ஒலிகள்தான். இரண்டு விசில் மாதிரிக் கீச்சிடும், ஒன்றை விரும்பியபடி வளைக்கலாம், நாலாவது வெறும் இரைச்சல். பாட்டு எழுதுகிற மென்பொருள் உள்ள கசெட்டைச் சொருகி, ஸ்வரங்களை வரிவரியாக எண்களில் அடிக்கவேண்டும். நான் சினிமாப் பாட்டுகளைப் பிரதி பண்ணுவதோடு சரி. அவன் அந்த இரைச்சலை நறுக்கி நறுக்கி, பாரந்தூக்கியின் சங்கிலி ஓடுகிற சத்தத்தையே அதிலிருந்து எடுத்தான். அந்தத் துண்டை மட்டும் ஒருநாள் எனக்குக் கேட்கத் தந்தான். எனக்குப் பொறாமையாக இருந்தது.

மூன்று வருடமாக ஒரே பாட்டைத்தான் கட்டிக்கொண்டிருந்தான். முழுதாகக் கேட்கத் தா என்றால், முடியட்டும் என்பான். நீ முடிப்பதற்குள் கப்பலெல்லாம் துருப்பிடித்துவிடும் என்று நக்கலடிப்பேன். முடிந்ததும் முதலில் மனைவிக்கு, பிறகுதான் உனக்கு என்றும் சொல்லி வைத்திருந்தான். அவளோ தொடக்கத்திலேயே, இந்த நுளம்புச் சத்தத்தை வீட்டுக்குள் கொண்டுவரவேண்டாம் என்று ஏசியிருந்தாள். அன்றிலிருந்து அவன் வீட்டில் ஹெட்போன் போட்டுக்கொண்டுதான் வேலை செய்தான். ஆக, அந்தப் பாட்டை முழுதாக அவனைத் தவிர வேறு ஒருவரும் கேட்டதில்லை.

போன வருடம் வேலைத்தளத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகுமுன் எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பத்து மூன்று வயது.

முப்பத்தோராம் நாள் கிரியை கழிந்து, ஒரு காலை, லிங்கநகரிலிருந்து அவன் மனைவி கடைக்கு வந்தாள். கையில் ஒரு கடைப் பை, அதற்குள் அந்தப் பெட்டி. படையலில் அவனுக்குப் பிடித்த நண்டுக் கறியோடும் சிகரெட்டோடும் இதையும் வைத்தார்களாம். வைக்கும்போதுதான், இதற்குள் என்ன இருக்கிறதென்று தனக்குத் தெரியாது என்பது அவளுக்கு உறைத்திருக்கிறது.

"ஒருக்காக் கேட்டாப் போதும், அண்ணா," என்றாள்.

இந்தக் கசெட்டுகளில் பாட்டைக் காப்பது உள்ளே ஒட்டியிருக்கும் ஒரு சின்ன வட்டப் பற்றரி. ஒரு கணம் அது விலகினாலும் எழுதியதெல்லாம் அழிந்து வெறுமையாகிவிடும். அதனால் பெட்டியை இயக்கி, வயர் கொடுத்து, பாட்டைக் கணினியில் பதிந்த பிறகுதான் கசெட்டின் திருகாணியைத் தொடவேண்டும். இந்த வேலையில் இறங்குகிறவன் படிக்கிற முதல் பாடம் அது. எனக்கு அது தெரியாமலில்லை.

அவள் அவனுடைய கடைசிக் காலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனானாம். நான் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். கை கசெட்டைத் திறந்தது. உள்ளே பற்றரியைச் சுற்றி உப்புப் பூத்திருந்தது. ஈயம் உருக்கும் கோல் சூடேறிப் பக்கத்திலேயே இருந்தது. பற்றரி தட்டில் விழுந்த பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கு விளங்கியது.

மீற்றரில் பிடித்துப் பார்த்தேன். பற்றரியில் நல்ல உயிர் இருந்தது. கசெட்டைச் சொருகிப் பெட்டியை இயக்கினேன். திரையில் எண்கள் இருக்கவேண்டிய இடத்தில் வரிவரியாக வெறும் கோடுகள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் யானையுமில்லை, சறுக்கியது என் பொருளுமில்லை.

என்ன அண்ணா என்று கேட்டாள்.

"உப்புத் திண்டிட்டுது, தங்கச்சி. முதலே போயிட்டுது."

அவள் பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். அலுமாரிக்குள் இதற்கு ஓர் இடம் தா என்று அவன் கேட்டிருக்கிறான். உடுப்புக்கே இடமில்லை, உங்கள் விளையாட்டுச் சாமானுக்கா என்று மறுத்திருக்கிறாள். அவன் அதைக் குசினி யன்னலில் வைத்தான். கடற்காற்று நேரே அடிக்கிற யன்னல்.

"அப்ப நான்தான் அழிச்சனான்," என்றாள்.

உண்மையைச் சொல்லவேண்டிய இடம் அதுதான். எனக்கு வாய் வரவில்லை. பயம், வேறொன்றுமில்லை. பெட்டியைத் துடைத்துப் பையில் போட்டுக் கொடுத்தேன். அவள் காசு எவ்வளவு என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். நல்ல மனிதன்போலத் தலையையும் ஆட்டினேன்.

எட்டு மாதம் லிங்கநகர்ப் பக்கம் போகவில்லை. அந்த வழியால் போகவேண்டிய பாலையூற்றுக்கும் சுற்றிப் போனேன். பிறகு ஒருநாள் அவளுடைய தம்பி உடைந்த திரையை மாற்றக் கடைக்கு வந்தான். அக்கா தன் உடுப்பையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு, அலுமாரியின் நடுத்தட்டை வெறுமையாக்கி, அந்தக் கேமை மட்டும் அதில் வைத்திருக்கிறாள் என்றான். பிள்ளைகளிடமும், அப்பாவின் பாட்டை அம்மாதான் பழுதாக்கினது என்று சொல்கிறாளாம். அவன் போனபிறகு எனக்கு வேலை ஓடவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் போனேன். கதிரையைத் துடைத்து இருக்கச் சொன்னாள். நான் இருக்கவில்லை.

"உப்பில்லை, தங்கச்சி. நான்தான் பற்றரியைக் கழட்டினனான். நீங்கள் கொண்டுவரேக்க பாட்டு இருந்தது."

அவள் என்னையே பார்த்தாள். ஏசுவாள், அழுவாள், வெளியே போகச் சொல்லுவாள் என்று நின்றேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஒரு நாளைக்கு எத்தனை சாமான் திருத்துறீங்கள், கழட்டினா அழியுமெண்டு உங்களுக்குத் தெரியாதே?" என்றாள். குரலில் கோபமே இல்லை. "என்ர மனதை ஆத்திறதுக்காகப் பழியை உங்கட தலையில போடாதேங்கோ, அண்ணா."

என் பிள்ளைகள் மேல் சத்தியம் என்று தொடங்கினேன். பிள்ளைகளை இதற்குள் இழுக்கவேண்டாம் என்று கையைக் காட்டி நிறுத்தினாள். நான் திரும்பவும் ஒவ்வொன்றாகச் சொன்னேன், கசெட், பற்றரி, மீற்றர். சொல்லச் சொல்ல அவள் கண் கலங்கியது. தன் புருசனுக்கு இப்படியொரு சிநேகிதன் இருந்தானே என்றுதான் கலங்கியது. வந்ததற்கு நன்றி சொல்லிவிட்டு, எனக்குத் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனாள்.