இரண்டு பெட்டியிலும் மலை

என் மாமாவுக்கு ஒரு பொருளை ஒன்றாக வாங்கத் தெரியாது. சிங்கப்பூரில் கப்பல் பழுது பார்க்கும் இடத்தில் அவருக்கு வேலை. வருடத்துக்கு ஒருமுறை மார்கழியில் லீவில் வருவார். பெட்டியைத் திறந்தால் எல்லாம் ஜோடி ஜோடியாக இருக்கும். சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு ஒன்று, கடலூர் மஞ்சக்குப்பத்தில் சின்னம்மா வீட்டுக்கு ஒன்று. ஒரே மிக்ஸி, ஒரே குடை, ஒரே நிறத்தில் ஒரே பூப்போட்ட சேலை. அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு அம்மாவும் சின்னம்மாவும் கல்யாண வீட்டில் சேர்ந்து நின்றால், பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் கும்மியடிக்க வந்தவர்கள் மாதிரி இருக்கும்.

மாமா அம்மாவுக்குத் தம்பி, சின்னம்மாவுக்கு அண்ணன். நடுவில் மாட்டிக்கொண்டவர் என்று அப்பா சொல்வார். சின்னம்மாவின் தலைதீபாவளிக்கு மாமா இருவருக்கும் பட்டுச்சேலை எடுத்திருக்கிறார். அம்மாவின் சேலையில் ஜரிகை ஒரு விரல் அகலம் ஜாஸ்தி. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பா என்று சின்னம்மா கேட்க, அம்மா அதற்கு ஏதோ பதில் சொல்ல, அக்காவும் தங்கையும் இரண்டு வருடம் பேசிக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து மாமா எதை வாங்கினாலும் அச்சு அசலாக இரண்டு. நாங்கள் பிறப்பதற்கு முன் நடந்தது இது. எங்கள் காதுக்கு வரும்போது வெறும் சிரிப்புக் கதையாகிவிட்டிருந்தது.

நாங்கள் என்றால் நானும் சின்னம்மா மகனும். என்னைவிட மூன்று மாதம் இளையவன். காரியம் ஆகவேண்டுமென்றால் மட்டும் என்னை அக்கா என்பான். எங்களுக்குப் பதினொரு வயதானபோது மாமா இருவருக்கும் கையில் வைத்து ஆடும் வீடியோ கேம் வாங்கி வந்தார். இரண்டும் கறுப்பு. அதில் இருந்த ஒரு விளையாட்டு எங்களைப் பிடித்துக்கொண்டது. திரையில் கட்டம் கட்டமாக ஒரு நிலம். அதில் குட்டிக் குட்டி வீரர்களை ஒவ்வொருவராக யோசித்து நகர்த்திப் போர் செய்யவேண்டும். அவசரப்பட்டால் தோற்றுப்போவோம். அவன் அவசரப்படுவான், நான் நகர்த்துவதற்கு முன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டுப் பார்ப்பேன்.

அந்த விளையாட்டின் அடுத்த பாகம் வரப்போகிறது என்று அம்மாவின் போனில் பார்த்தோம். அதில்தான் விசேஷம். ஒரே கதையை இரண்டாகப் பிரித்து இரண்டு பெட்டிகளில் விற்கப்போகிறார்கள். ஒரு தாய் வயிற்றில் பிறந்த இரண்டு ராஜாக்கள், மலைநாட்டில் ஒருவன், கடல்நாட்டில் ஒருவன். சமாதானம் பேசப்போன தூதனை யாரோ கொன்றுவிட, போர் மூண்டுவிடுகிறது. பச்சைப் பெட்டியில் மலைநாட்டுக்காரர்கள் பக்கம் நின்று ஆடலாம், நீலப் பெட்டியில் கடல்நாட்டுக்காரர்கள் பக்கம். தூதனைக் கொன்றது யார் என்பது இரண்டையும் ஆடி முடித்தவர்களுக்கே தெரியும்.

எங்கள் திட்டம் அன்றைக்கே தயாராகிவிட்டது. எனக்குப் பச்சை, அவனுக்கு நீலம். ஆளுக்கொன்றை ஆடி முடித்து, மாசி மகத்துக்கு நாங்கள் கடலூர் போகும்போது மாற்றிக்கொள்வது. தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும் அந்த நாளில் வருடா வருடம் சின்னம்மா வீட்டில்தான் எங்களுக்குச் சாப்பாடு. அந்தப் பாகம் வெளிவர இன்னும் ஒரு வருடம் இருந்தது. ஒரு வருடமும் நாங்கள் வேறு எதைப்பற்றியும் பேசவில்லை. இரண்டு நிமிட விளம்பரப் படத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. அதில் ஓரமாகத் தெரிந்த ஒரு வில்லாளியின் பெயரைக் கண்டுபிடிக்க மட்டும் எனக்கு ஒரு வாரம் ஆனது. மாமாவுக்கு இரண்டு பெட்டிகளின் படத்தையும் அனுப்பி, எனக்கு இது, தம்பிக்கு அது என்று அம்புக்குறி போட்டேன். மூன்று முறை போனிலும் சொன்னேன். சரி பாப்பா, சரி பாப்பா என்றார்.

அந்த மார்கழியில் தேர் பார்க்க சின்னம்மா குடும்பம் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தது. மாமா கூடத்தில் பெட்டியைத் திறந்தார். ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் சின்னம்மா. குடை வந்தது, சேலை வந்தது, தைல டப்பா வந்தது. கடைசியாக எங்கள் பெட்டிகள் வந்தன. என்னுடையது பச்சை. அவனுடையதும் பச்சை.

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. கணக்கு நோட்டை எடுத்து வந்து மாமாவுக்குப் படம் போட்டு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். மாமா ஏமாந்துவிட்டார், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தெரியும் பாப்பா. கடையில ரெண்டையும் கையில வச்சுப் பாத்துட்டுத்தான் வாங்கினேன்" என்றார்.

அம்மாவும் சின்னம்மாவும் தலை ஆட்டினார்கள். ஒரே மாதிரி இருந்தால்தானே சண்டை வராது என்று அம்மா சொல்ல, சின்னம்மா ஆமோதித்தாள். சண்டை அப்போதுதான் வந்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

நான் பிடித்தால் குரங்குப் பிடி. என் பச்சைப் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. ஒரு வருடம் காத்திருந்த பொருள் கைக்கு வந்தும், மேலே சுற்றிய கண்ணாடித்தாளைக் கிழிக்காமல் அலமாரியில் வைத்தேன். பிரிக்காத பெட்டியைக் கடையில் மாற்றித் தருவார்கள் என்று போனில் படித்திருந்தேன். மாமா ஊருக்குத் திரும்பப் பத்து நாள் இருந்தது. பத்து நாளும் அவரைச் சும்மா விடவில்லை. அவர் பல் தேய்க்கும்போது பக்கத்தில் நின்றேன். சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்தேன். ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்கு முன் நின்றும் நான் கேட்டது நீலப் பெட்டிதான்.

ஒருநாள் காலையில் மாமா என்னை வடக்கு வீதிக்குக் கூட்டிப்போய் ரோஸ்மில்க் வாங்கிக்கொடுத்தார். அடுத்த லீவுக்கு வரும்போது இரண்டு பேருக்கும் நீலமும் வாங்கிவந்துவிடுவதாகச் சொன்னார். அப்போது இரண்டு வீட்டிலும் இரண்டும் இருக்கும், ஒரு வருடம்தான், பொறுத்துக்கொள் என்றார். இப்போது நினைத்தால் அதைவிட நியாயமான யோசனை எதுவும் இல்லை. நான் முடியாது என்றேன். தூதனைக் கொன்றது யார் என்று எங்கள் வகுப்பில் யாராவது போனில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள் என்றேன்.

மாமா ரோஸ்மில்க் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்:

"உங்க தாத்தா செத்தப்பகூட உங்கம்மாவும் சின்னம்மாவும் பேசிக்கல, தெரியுமா? ஒரே கூடத்துல ஆளுக்கொரு மூலையில உக்காந்து அழுதுகிட்டு இருந்தாங்க. நான் யாரு பக்கத்துல போய் உக்கார்றது?"

"அது சேலை மாமா. இது கேம்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். தோற்றுப்போன சிரிப்பு என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. என் பெட்டியைத் தானே எடுத்துப்போய் மாற்றி, தை மாதம் ஊருக்கு வரும் நண்பரிடம் கொடுத்தனுப்புவதாகச் சொன்னார். ஒரே நிபந்தனை: அம்மாவுக்கும் தெரியக்கூடாது, சின்னம்மாவுக்கும் தெரியக்கூடாது. தம்பியிடமும் வாயைத் திறக்காதே என்று சொல்லிவை என்றார். தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். இது ரகசியம் என்று தம்பியிடம் சொல்ல மறந்துவிட்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. பெட்டி வருவதுதான் முக்கியம், மற்றதெல்லாம் அப்புறம் என்று விட்டுவிட்டேன்.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா மாவு மில்லுக்குப் போயிருந்த நேரமாக, சேத்தியாத்தோப்பிலிருந்து அந்த நண்பர் பைக்கில் வந்து பொட்டலத்தைக் கொடுத்தார். தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். நீலம். பிரித்து உடனே ஆட ஆரம்பித்தேன். அம்மாவுக்குப் பச்சையும் நீலமும் ஒன்றுதான். குட்டி ஆட்கள் கட்டத்தில் நகர்ந்தால் பரீட்சை போச்சு, அவ்வளவுதான். சாயங்காலம் அப்பா போனில் தம்பியைக் கூப்பிட்டு, மாமா அனுப்பிய நீலம் வந்துவிட்டது என்றேன். அந்தப் பக்கம் அவன் போட்ட சத்தம் கடலூருக்கே கேட்டிருக்கும்.

அவன் வீட்டுக்கு நிச்சயம் கேட்டுவிட்டது. மறுநாள் சின்னம்மா அம்மாவுக்குப் போன் செய்தாள். அண்ணன் பார்சல் அனுப்பியிருக்கிறாராமே, என்ன வந்தது என்று விசாரித்திருக்கிறாள். அம்மா உளுந்து ஊறப் போட்டுக்கொண்டிருந்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"பார்சலா? எனக்கு ஒன்னும் வரலயேடி" என்றாள் அம்மா. அது அவளைப் பொறுத்தவரை சத்தியமான வார்த்தை. பிறகு என் பக்கம் திரும்பி, "நேத்து யாராவது வந்தாங்களா?" என்றாள்.

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"யாரும் வரலயாம்."

சின்னம்மா, "சரி விடுக்கா" என்றாள்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஒரு பெட்டி கூடவோ குறையவோ கிடைத்ததைச் சின்னம்மா பொறுத்துக்கொண்டிருப்பாள் என்றுதான் இன்றும் நம்புகிறேன். கூடப் பிறந்தவள் தன்னிடம் மறைக்கிறாள் என்பதை அவளால் பொறுக்க முடியவில்லை. தம்பி அவளிடம், அக்கா வீட்டில் பார்சல் வந்ததைத் தெளிவாகச் சொல்லியிருந்தானே.

அதற்குப் பிறகு போன் வருவது குறைந்தது. பிறகு நின்றது. அம்மா கூப்பிட்டால் சின்னம்மா வேலையாக இருந்தாள். மாசி மகத்துக்கு நான்கு நாள் முன்னால், இந்த வருடம் வீட்டில் ஆள் ஜாஸ்தி என்று சின்னம்மாவிடமிருந்து அப்பா போனுக்கு ஒரு வரி வந்தது. அம்மாவுக்கு அனுப்பவில்லை.

நான் துடித்துப்போனேன். என் கவலை பச்சைப் பெட்டி. நீலத்தில் பதினான்காவது போர்வரை வந்திருந்தேன். தூதனைப் பற்றிப் பாதிதான் தெரிந்திருந்தது. மீதி மஞ்சக்குப்பத்தில் அவனிடம் இருந்தது. ஒரு பார்சலுக்காக யாராவது இப்படிச் செய்வார்களா என்று சின்னம்மா மேல் எனக்கு ஆத்திரம். பஸ் ஏறித் தனியாகவே போய் மாற்றிக்கொண்டு வந்துவிடலாமா என்று டைம்கூட விசாரித்து வைத்தேன். அம்மாவோ, சின்னம்மா வீட்டுக்கென்று முன்பே சுட்டு வைத்திருந்த முறுக்கை எங்களுக்கே டப்பாவில் போட்டுக் கொடுத்தாள்.

மாசி மகத்தன்று காலை நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் அப்படி வேலை நேரத்தில் உட்காருகிறவள் இல்லை.

"நெசமாவே அன்னைக்கு ஒன்னும் வரலயா? நல்லா யோசிச்சுச் சொல்லு. வந்திருந்தாகூடப் பரவாயில்ல. திட்ட மாட்டேன்."

அம்மா என்னைப் பிடிக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். திட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் திட்டிய அனுபவமும் உண்டு. மாமாவுக்குச் செய்த சத்தியம் வேறு. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், இல்லை என்றேன். இரண்டாவது முறையும் அசையாமல் நின்றுவிட்டேன் என்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அம்மா இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் போன் இருந்தது. நான் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதை வைத்துக்கொண்டு அப்போதே தங்கையைக் கூப்பிட்டிருப்பாள். ஐந்து வருடம் கழித்து நானே போய்ச் சொன்னபோது அப்படித்தான் செய்தாள். அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை. அம்மா எழுந்து உள்ளே போனதும், நல்லவேளை என்று பதினான்காவது போரைத் தொடர்ந்தேன்.